படகில் என்ன தேதி

ஒரே நாளில் நாற்பது நாடுகளை நடந்தே கடந்து, மத்தியானப் பருப்பு ஆறுவதற்குள் வீடு திரும்பியவள் நான். சரி, நாற்பது கொஞ்சம் அதிகம். ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழிலும் ஒன்று, ஒரு விதவைச் சீமாட்டியின் பன்றிப்பட்டியும் அதை ஒட்டிய முள்ளங்கிப் பாத்தியும்தான். ஆனால் அந்தப் பாத்திக்கும் தனிக் கொடி உண்டு, தனித் தூக்குமரம் உண்டு, முள்ளங்கி திருடினால் விசாரிக்கத் தனி நீதிபதியும் உண்டு. அந்த நீதிபதிதான் பன்றிக்கும் தவிடு வைப்பார்.

இப்படிப்பட்ட நூறு துண்டு நாடுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குத்தான் சுவாபிய வட்டம் என்று பெயர். போருக்கு ஆள் அனுப்புவதும், ஊர் பேர் இல்லாமல் அலைகிறவர்களைப் பிடிப்பதும் வட்டத்தின் வேலை. உல்ம் நகரில் கூடிப் பேசுவார்கள். யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பதிலேயே முதல் வாரம் போய்விடும்.

நான் சொல்ல வந்தது பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப் பற்றி அல்ல. ஒட்டிலியாவைப் பற்றி. வாழ்நாளில் இரண்டே நாடுகளில் கால் வைத்தவள் அவள். ஆனால் எல்லை தாண்டிய கணக்கில் ராஜதூதர்கள்கூட அவளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். எர்லா ஆற்றில் கயிற்றுப் படகு இழுப்பது அவள் தொழில். அவளுடைய அப்பாவும் அதையே இழுத்தார்.

மேற்குக் கரையில் எங்கள் ஹைடிங்கன் நகரம். ஆயிரத்து இருநூறு தலைகள், ஒரு மதில், எங்களுக்கு மேலே பேரரசர் மட்டும். நாங்கள் லூத்தரின் வழி. கிழக்குக் கரையில் மரியன்ரீட் மடம். அங்கே மடாதிபதிதான் அரசர். அவர்கள் போப்பாண்டவரின் வழி. கரைக்குக் கரை கட்டிய கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அதுதான் எல்லை.

நூறு வருஷத்துக்கும் முன்னால் போப்பாண்டவர் பஞ்சாங்கத்தைத் திருத்திப் பத்து நாளைத் தூக்கினார். மடம் ஏற்றுக்கொண்டது. எங்கள் நகரசபையோ, சூரியனே நேரில் வந்து சாட்சி சொன்னாலும் போப்பாண்டவர் சொன்ன தேதி வேண்டாம் என்றது. ஆகையால் எங்கள் கரையில் பதினான்கு என்றால் அந்தக் கரையில் இருபத்துநான்கு. படகில் ஏறிக் கிழக்கே போனால் பத்து நாள் கிழடாகலாம், திரும்பினால் பத்து நாள் இளமையாகலாம். நான் திரும்பி வந்த தடவைகளே அதிகம். என் பற்கள் இன்னும் இருப்பது அதனால்தான்.

படகின் கைப்பிடிச் சட்டத்தில் ஒட்டிலியா ஒரு பலகை அடித்து வைத்திருந்தாள். அதில் இரண்டு வரிசைத் துளைகள். மேல் வரிசை மடத்துத் தேதி, கீழ் வரிசை நகரத்துத் தேதி. தினமும் காலையில் இரண்டு மர முளைகளையும் ஒவ்வொரு துளை தள்ளி வைப்பாள். படிப்பு இல்லாவிட்டாலும் எண்கள் அவளுக்குப் பழக்கம். ஏறுகிறவர்கள் வேண்டுமென்றே கேட்பார்கள்.

"ஒட்டிலியா, இன்னிக்கு என்ன தேதி?"

"நீங்க எந்தக் கரைக்குப் போறீங்க? அதச் சொல்லுங்க, தேதிய நான் சொல்றேன்."

முப்பது வருஷமாக இதே பதில், இதே சிரிப்பு.

அவளோடு வாழ்ந்தவன் பிளாசியுஸ். கல்யாணம் ஆகவில்லை. ஆகவும் முடியாது, ஏனென்றால் அவன் எந்த ஊர்க்காரன் என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு விசித்திரக் கதை. பிரெஞ்சுக்காரர்களோடு ரைன் நதிக்கரையில் போர் நடந்தபோது வட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை ஆள் என்று பங்கு போட்டது. எங்கள் நகரத்தின் பங்கு ஆறரை ஆள். மடத்தின் பங்கு நாலரை ஆள். இரண்டு அரைகளையும் சேர்த்து ஒரு முழு ஆளாக அனுப்பினார்கள். அந்த ஆள்தான் பிளாசியுஸ். வலது கால் சப்பாத்து எங்கள் நகரம் கொடுத்தது, இடது கால் சப்பாத்து மடம் கொடுத்தது. இரண்டும் ஒரே அளவு இல்லை. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

ஒன்பது வருஷம் கழித்துப் போர் முடிந்து வந்தான். படையிலிருந்து விடுவித்த சான்று கேட்டு நகர மண்டபத்துக்குப் போனான்.

"ஒன்னோட அரைக்கு நாங்க எழுதித் தர்றோம். மடத்துல போய் மிச்சத்த வாங்கிட்டு வா. அப்பறம் முத்திரை" என்றார்கள்.

மடத்திலும் அதையே சொன்னார்கள். முழுச் சான்று இல்லாதவன் எந்த ஊருக்கும் சொந்தம் இல்லாதவன். அந்த வருஷம் வசந்தத்தில் எங்கோ தெற்கே ஒரு சின்ன நாட்டில் சுற்றித்திரிகிறவன் என்று பிடித்து, முதுகில் சூட்டுக்கோல் வைத்து விரட்டினார்கள். அந்த வடுவோடு நடந்து வந்தவனை ஒட்டிலியா கற்பூரக் களிம்பு போட்டுத் தன் குடிசையில் சேர்த்துக்கொண்டாள். குடிசை மடத்துக் கரையில் இருந்தது.

அக்டோபரில் வந்தது அறிவிப்பு. வட்டத்தின் நாடுகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வீடு வீடாக, காடு காடாகத் தேட வேண்டும். அப்போதுதான் ஒரு நாட்டில் விரட்டினால் அடுத்த நாட்டுக்குள் நழுவுகிற வேலை நடக்காது. ஏற்கெனவே சூடு பட்டவன் அந்த நாளில் பிடிபட்டால் விசாரணை கிடையாது. பக்கத்தில் இருக்கும் மரத்தில் தொங்கவிட வேண்டியதுதான்.

எங்கள் பறையறைவோன் நகரத்துத் துறையில் நின்று வாசித்தான்: "அக்டோபர் இருபத்துநாலாம் தேதி, விடியல் முதல் மாலை வரை." ஒட்டிலியா படகை இழுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனாள். அங்கே மடத்து ஆள் வாசித்துக்கொண்டிருந்தான்: "அக்டோபர் இருபத்துநாலாம் தேதி, விடியல் முதல் மாலை வரை."

கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

இரண்டு துறைகளிலும் ஒரே எண். அப்படியானால் ஒரே நாள் இல்லை. மடம் தேடி முடித்துப் பத்து நாள் கழித்துத்தான் நகரம் தேடும். இரண்டு அறிவிப்பையும் ஒரே காலையில் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். முதலில் அவனை எங்கள் கரைக்கு மாற்றலாம், பிறகு அந்தக் கரைக்குத் திருப்பலாம். ஆனால் ஒட்டிலியா மகிழவில்லை. இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். இன்னொருவருக்குத் தெரிந்த அன்றே திருத்திவிடுவார்கள். திருத்திவிட்டால் அவன் கழுத்து. அன்றைக்கே முளைப் பலகையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். எவனாவது இரண்டு வரிசையையும் பார்த்து யோசித்துவிடக் கூடாதே.

பயம் இருக்கிற வாயில் கேலி வராது. "இன்னிக்கு என்ன தேதி?" என்று ரொட்டிக்காரர் கேட்டால், "தெரியல" என்றாள். "என்ன ஒட்டிலியா, ஆத்துல தேதிய விட்டுட்டியா?" என்று அவர் சிரித்தார். அவள் சாக்கின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தவறு எங்கள் வீட்டில் நடந்தது. என் வீட்டுக்காரர் டோபியாஸ்தான் நகரத்து எழுத்தர். வட்டத்திலிருந்து வந்த மூல ஓலை சரியாகத்தான் இருந்தது. தேதியை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியிருந்தார்கள்: மேலே பதினான்கு, கீழே இருபத்துநான்கு. மேல் எண் எங்களுக்கு, கீழ் எண் மடத்துக்கு. டோபியாஸ் நகல் எடுக்கும்போது சரியாக அந்த வரியில், "பருப்பு ஆறுது, வர்றீங்களா இல்லையா?" என்று நான் கத்தினேன். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து கீழ் எண்ணை எழுதினார். ஒரு நகரத்தையே பத்து நாள் தள்ளி வைத்த பெருமை என் பருப்புக்கு உண்டு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

மடத்துத் தேதி இருபத்துமூன்று மாலையில் ஒட்டிலியா பிளாசியுஸை எங்கள் கரைக்குக் கொண்டுவந்து, தோல் பதனிடுகிற கொட்டகையின் பரணில், காயப் போட்ட தோல்களுக்கு நடுவே விட்டாள். மறுநாள் மடத்து ஆட்கள் நாய்களோடு காட்டைக் கலக்கினார்கள். அலைகிறவர்கள் எல்லாரும் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றில் இறங்கி எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். எங்கள் காவலர்கள் துறையில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்குத்தான் அன்று பதினான்கு ஆயிற்றே.

மடத்து அதிகாரி ஃபிடேலிஸ் அந்தக் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "டேய் ஹைடிங்கன் தூங்குமூஞ்சிகளா! பிடிங்கடா!"

"நாள் வரட்டும் சாமி!" என்று இங்கிருந்து ஒருவன் பதில் கொடுத்தான்.

அன்று மத்தியானமே மடத்திலிருந்து ஒரு கோபக் கடிதம் ஒட்டிலியாவின் படகில் ஏறியது. ஏன் தேட வரவில்லை என்று கேட்டு எழுதியது. அவள் கையால்தான் அதை இக்கரைக்கு இழுக்க வேண்டும். அதைத் திறந்து படித்தார்கள் என்றால் தவறு வெளியே வரும், உடனே தேடுவார்கள், பரணில் அவன் இருக்கிறான். அவனை அந்தக் கரைக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் வழியில்லை. மடத்துத் துறையில் இன்னும் நாலு காவலர் நாயோடு நின்றார்கள். கடிதத்தை ஆற்றில் போட்டால் அவள் கை போகும். வட்டத்து நாடுகளின் அஞ்சலை அழித்தவர்களுக்கு அதுதான் தண்டனை. கயிற்றை ஒரு முழம் ஒரு முழமாக இழுத்தாள். அன்றைக்குப் போல ஆறு அவ்வளவு குறுகலாக இருந்ததே இல்லை.

எங்கள் மேயர் உறையைப் பார்த்தார். உறையின் மேலேயே அக்டோபர் இருபத்துநான்கு என்று இருந்தது.

"இன்னிக்குப் பதினாலு. இன்னும் எழுதவே எழுதாத கடுதாசிய நான் எப்படி வாங்கறது? பத்து நாள் கழிச்சுக் கொண்டாரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினார்.

மறுநாள் மடம் இரண்டு தேதியும் போட்டு அனுப்பியது. தங்கள் தேதி மேலே, எங்கள் தேதி கீழே. அவமானம் என்று மேயர் மறுபடியும் திருப்பினார். அடுத்த நாள் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் போனது, எங்கள் தேதி மேலே. அதை மடாதிபதி திருப்பினார். இப்படி மூன்று நாள், ஒரே சாவு ஓலை அவள் படகிலேயே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது. பரணுக்கு ரொட்டி கொண்டுபோனால், "நீ சாப்பிட்டியா புள்ள?" என்பான் அவன். "ஆச்சு" என்பாள். ஆகியிருக்காது.

கடைசியில், யாரும் யார் கரைக்கும் போகாமல் ஆற்றின் நடுவில், சிவப்புத் துணிக்குக் கீழே, ஒட்டிலியாவின் படகிலேயே சந்தித்துப் பேசுவது என்று முடிவானது. அதற்கு முந்தின மாலை நான் அந்தக் கரையில் வெண்ணெய் வாங்கிவிட்டுப் படகில் வந்தேன். வாய் சும்மா இருக்காதே.

"நாளைக்குப் பாரு ஒட்டிலியா, வேடிக்கை. பேச்சு முடிஞ்சதோ இல்லையோ, மடத்து வாய அடைக்க மத்தியானமே நம்ம ஊர்லயும் தேடப் போறாங்களாம். காலைலயே வாசலெல்லாம் சாத்திடுவாங்க. தோல் கொட்டகைலேர்ந்து ஆரம்பிக்கிறாங்கன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு."

அவள் முகம் திரிந்த பால் மாதிரி ஆயிற்று.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வயித்து வலி, எழுத்தரம்மா."

"சாமந்திப் பூ கொதிக்க வச்சுக் குடி. சரியாப்போகும்" என்று சொல்லிவிட்டு என் வழியே போனேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

எங்கள் கரையில் வாசல் சாத்தப் போகிறார்கள். அந்தக் கரையில் நாய்கள். மிச்சம் இருந்தது படகு மட்டும். படகின் நடுவில், கடக்கிற குதிரைகளுக்கு ஓட்ஸ் போட்டு வைக்கிற தீவனப் பெட்டி ஒன்று இடுப்பு உயரத்துக்கு உண்டு. விடியலில், முன்னால் நிற்பவர் தெரியாத மூடுபனியில், அவனை அதற்குள் மடக்கிப் படுக்க வைத்து மேலே ஓட்ஸைத் தூவினாள். பெட்டியின் பக்கவாட்டில் மரக்கண் விழுந்த ஒரு ஓட்டை. அதன் வழியே அவன் மூச்சுவிட்டான்.

பனி விலகியதும் எங்கள் ஆட்கள் ஏறினார்கள். நகரக் காவல் தலைவர் ஏபர்லின், மைக்கூட்டோடு என் டோபியாஸ், இரண்டு காவலர். ஒட்டிலியா நடு ஆற்றுக்கு இழுத்து நிறுத்தினாள். மடத்து ஆட்கள் தங்கள் மீன்படகில் வந்து தொற்றி ஏறினார்கள். ஃபிடேலிஸ், அவருக்கும் இரண்டு காவலர். இதற்கு மேல் நான் சொல்வதெல்லாம் டோபியாஸ் வாயிலிருந்து வந்தது. அதில் உப்பு போட்டது மட்டும் நான்.

முதல் அரை மணி நேரம் யார் ஆற்றின் மேல்பக்கம் உட்காருவது என்பதில் போனது. பிறகு எதிரெதிராக உட்காரலாம், நடுவில் மேசை இருக்கட்டும் என்றார்கள். தீவனப் பெட்டியே மேசை. ஃபிடேலிஸ் தலையை உயர்த்திச் சிவப்புத் துணியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"மேசை ஒங்க பக்கம் ரெண்டு சாண் கூட இருக்கு. நகத்துங்க."

"அது நகராதுங்க ஐயா" என்றாள் ஒட்டிலியா. குரல் பாதிதான் வந்தது. "ஆணி அடிச்சிருக்கு."

"ஆணியப் புடுங்கு."

நாலு காவலரும் நாலு மூலையைப் பிடித்தார்கள். ஆணி எதுவும் இல்லை. ஆனால் பெட்டி எழும்பவில்லை.

"ஓட்ஸா இது, ஈயமா?" என்று ஒருவன் முனகினான். இன்னொருவன் மூடியைத் தூக்கினான். தானியத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது.

வெளியே இழுத்துச் சட்டையைக் கிழித்தார்கள். முதுகில் வடு. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காவலன் படகின் உபரிக் கயிற்றை எடுத்துச் சுருக்குப் போட்டு அவன் கழுத்தில் மாட்டினான். இரண்டு கரையிலும் ஆற்றோர மரங்கள், கைக்கு எட்டுகிற கிளைகளோடு.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு வட்டத்தின் இந்த மூலையில் பிடிபட்ட ஒரே ஆள் அவன். விடுவார்களா?

"எங்க புடி!" என்றார் ஏபர்லின். "நாங்க வர்றப்பவே பெட்டில இருந்திருக்கான்."

"தலை எங்க பக்கம் இருந்துச்சு" என்றார் ஃபிடேலிஸ். "காலு வேணா ஒங்களுது. தலை எங்க இருக்கோ அங்கதான் தொங்கணும்."

"பெட்டி எங்க பக்கம்தானே ரெண்டு சாண் கூட? நீங்களே சொன்னீங்களே!"

பிளாசியுஸ் கழுத்துக் கயிற்றோடு மண்டியிட்டபடி பேசினான். "சாமிமாரே, யாரு வேணா தொங்கவிடுங்க. ரெண்டா மட்டும் வெட்டிடாதீங்க. அரை அரையாவே வாழ்ந்துட்டேன்."

காவலன் கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

அப்போதுதான் ஒட்டிலியா, அச்சம் என்பதையே அறியாதவள் போல நிமிர்ந்து நின்று, வட்டத்தின் சட்டம் முழுவதையும் ஒரே கேள்வியில் கவிழ்த்தாள்.

"ஐயா, இன்னிக்கு என்ன தேதி?"

"பதினேழு" என்றார் ஏபர்லின்.

"இருபத்தேழு" என்றார் ஃபிடேலிஸ்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

டோபியாஸின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அறிக்கையில் முதல் வரி தேதி. அவருக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. மேல் எண், கீழ் எண், பருப்பு. வேலை போகும், ஒருவேளை சிறையும் கூட.

"எந்தத் தேதிய எழுதட்டும்?" என்று கேட்டார். "விசாரிக்காம தொங்கவிடற அதிகாரம் இருபத்துநாலாம் தேதிக்கு மட்டும்தானே. மடத்துக்கு அது முடிஞ்சு மூணு நாள் ஆச்சு. நமக்கு அது வர ஏழு நாள் இருக்கு."

ஃபிடேலிஸ் தாடையைச் சொறிந்தார். அதிகாரம் இல்லாத நாளில் தொங்கவிட்டால் ஏபர்லின் வட்டத்துக்கு எழுதுவார். ஏபர்லின் தொங்கவிட்டால் ஃபிடேலிஸ் எழுதுவார். கயிறு பிளாசியுஸ் கழுத்தில் இருந்தாலும் இப்போது அந்த இரண்டு பேரும்தான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்கள்.

"வட்டத்துக்கே எழுதிக் கேட்டுடலாம்" என்றார் டோபியாஸ் அவசர அவசரமாக. "பதில் வர்ற வரைக்கும் புடிச்ச எடத்துலயே காவல்ல வச்சிருக்கலாம்."

"புடிச்ச எடம் எது?"

"இந்தப் படகுதான்."

எழுதினார். தேதிகளை மேலும் கீழுமாக எழுதாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இரண்டு முத்திரை குத்தினார்கள். ஒரு நகல் ஒட்டிலியாவுக்கு. ஒன்பது வருஷம் போருக்குப் போய்க் கிடைக்காத காகிதம், தூக்குக்கயிற்றோடு மண்டியிட்டபோது கிடைத்தது: பிளாசியுஸ், எர்லா ஆற்றுப் படகில் இருப்பவன். இரண்டு நாடு ஒப்புக்கொண்ட விலாசம். கைதிக்குத் தினமும் நகரம் அரை ரொட்டி, மடம் அரை ரொட்டி. கரையில் கால் வைக்கக் கூடாது. எங்கள் மத்தியானத் தேடல் அதோடு நின்றுபோனது. அறிவித்த நாளில் தேடினார்கள், முயல்கூடச் சிக்கவில்லை.

இதோடு பயம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் ஆரம்பம். வட்டத்தின் பதில் என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம். அது அவள் படகில்தான் ஏறும். மார்பில் வட்டத்துப் பித்தளை வில்லை அணிந்த தூதன் எவன் துறையில் வந்து நின்றாலும் ஒட்டிலியா முதலில் அவன் பையைப் பார்ப்பாள். பையில் என்ன என்று கேட்க மாட்டாள். கேட்டால் தெரிந்துவிடுமே. அவனை இறக்கிவிட்டு, அவன் நகர மண்டபத்துக்குள் போய்த் திரும்பி வருகிறவரை கயிற்றைப் பிடித்தபடி நிற்பாள். பிளாசியுஸ் படகில் கட்டிய சின்ன அறைக்குள் உட்கார்ந்து, அளவு ஒத்துவராத அந்தச் சப்பாத்துகளைத் துடைத்துக்கொண்டிருப்பான். போகிற நாளில் போட்டுக்கொண்டு போக.

ஆயிரத்து எழுநூறாம் ஆண்டில் எங்கள் நகரசபையும் கடைசியில் இறங்கிவந்தது. பிப்ரவரி பதினெட்டில் படுத்தோம், மார்ச் ஒன்றில் எழுந்தோம்; எங்கள் பழைய கணக்கில் அந்தப் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள், மடத்துக்கு இருபத்தெட்டு, அதனால் பத்துக்குப் பதில் பதினொன்று போனது. ஊரே சிரித்தது. நான்கூட, பதினோரு நாள் சமைக்காமல் தப்பித்தேன் என்று சொல்லித் திரிந்தேன். ஒட்டிலியா கீழ் வரிசை முளையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு கரைக்கும் ஒரே தேதி ஆகிவிட்டால், அவனை எந்தத் தேதியில் தொங்கவிடுவது என்பதில் இனி எவருக்கும் சந்தேகம் இருக்காதே.

பதில் வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை.

படகுச் சந்திப்பு நடந்து பதினோராம் வருஷம் டோபியாஸ் காலமானார். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. கூண்டைத் திறந்தேன். ஊசலுக்குப் பின்னால் ஒரு உறை. இரண்டு முத்திரையும் உடையாமல் இருந்தன. வட்டத்துக்கு எழுதிய கடிதம். அது எங்கள் வீட்டைவிட்டே போகவில்லை. அனுப்பினால் மூல ஓலையை எடுத்து ஒப்பிடுவார்கள், நகல் எழுதிய கை யாருடையது என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் பதினோரு வருஷம் கடிகாரத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். என்னிடம்கூடச் சொல்லாமல்.

மேலாடையில் சுற்றி எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடினேன். ஆனந்தத்தில் ஒட்டிலியா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் உறையை வாங்கி முத்திரைகளைத் தடவிப் பார்த்தாள். தீவனப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருஷம், எழுத்தரம்மா" என்றாள். நான் பதினோரு வருஷமும் வெண்ணெய் வாங்க அந்தப் படகில்தான் போய்வந்திருந்தேன்.

"எரிச்சுடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும். அனுப்பாத கடுதாசிக்குப் பதில் வராது."

இன்றும் அது என் கடிகாரத்துக்குள்தான் இருக்கிறது. பிளாசியுஸ் இன்றும் சட்டப்படி படகுக் கைதி. தினமும் இரண்டு அரை ரொட்டி வருகிறது. இப்போது அதைக் கடிக்க அவனுக்குப் பல் இல்லை. பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறாள்.

இவ்வளவையும் எழுதி, இன்று மத்தியானம் படகு அறையில் உட்கார்ந்து ஒட்டிலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீன்ஸ் உரித்துக்கொண்டே கேட்டாள். பன்றிப்பட்டி நீதிபதிக்குச் சிரித்தாள். சப்பாத்துக்குத் தலையாட்டினாள். "அச்சம் என்பதையே அறியாதவள் போல நிமிர்ந்து நின்று" என்ற இடத்தில் அவள் கை நின்றது.

"அத அடிச்சுடுங்க, எழுத்தரம்மா. நிமிந்தும் நிக்கல, கவுக்கவும் இல்ல. அன்னிக்குக் காலைல முளைய மாத்தி வைக்கல நான். இவனப் பெட்டிக்குள்ள வச்ச பயத்துல ரெண்டு தேதியும் மறந்துபோச்சு. கயித்தப் போட்டதும், இவன் செத்த நாள் எதுன்னு தெரியாமப்போயிடுமேன்னு இருந்துச்சு. வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தணும்ல? அதுக்குத்தான் கேட்டேன்."